ஒரே வீட்டில் மூன்று வயிறு

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 57. மகனும் மருமகளும் காலை ஏழு மணி பஸ்ஸில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். அவர்கள் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஒன்றரை. இப்போது மகளும் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், கைக்குழந்தைக்கு ஒன்பது வாரம். மூன்றுக்கும் மாற்றி மாற்றி வயிற்றில்தான் கோளாறு. கைக்குழந்தை குடித்த பாலைக் கக்குகிறது, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மஞ்சளாக நீர்த்துப் போகிறது, சாயங்காலம் ஆனால் ஒரே அழுகை. பேரனுக்குப் போன வாரம் வாந்தியும் பேதியும். பேத்தி பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் தொப்புளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஸ்கேன் எடுத்ததில் வயிற்றில் நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். தின்றது உள்ளே சிக்கியிருக்கிறது, தடவித் தொக்கம் எடுக்க வேண்டும் என்று ஊரில் சொல்கிறார்கள், குடல் தட்டச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் கொடுத்த ஒரே சிரப்பை மூன்று பேருக்கும் அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தேன். அது சரியா? எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்: அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எத்தனை தடவை, என்ன நிறம், எந்த நேரம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் போல விவரம் சொல்கிறவர்கள் குறைவு. அந்த விவரத்தை வைத்துத்தான் நான் பாதி முடிவு செய்வேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த சிரப் பாட்டிலை எடுத்துத் தனியே வையுங்கள், கைக்குழந்தைக்கு இனி ஒரு சொட்டுகூட வேண்டாம். வயிற்று வலிக்கென்று கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துகளிலும் சிரப்புகளிலும் பல, டைசைக்ளோமின் என்ற மருந்து கலந்தவை. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு அது ஆகாது. மூச்சே நின்று போகும் அளவுக்குச் சில குழந்தைகளுக்கு ஆகியிருக்கிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூன்று பேருக்கும் வயிறுதானே, மருந்தும் ஒன்றுதானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒன்பது வாரக் குழந்தையின் வயிறும், ஒன்றரை வயதுப் பையனின் வயிறும், ஒன்பது வயதுப் பெண்ணின் வயிறும் வேறு வேறு. அதே வாந்தி, அதே பேதி, அதே வலி, வயது மாறினால் வேறு நோயைச் சொல்லும். அதனால் வயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் வயதைப் பாருங்கள், அதற்கும் முன்னால் பிள்ளையைப் பாருங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

பிள்ளையைப் பார்ப்பது என்றால் என்ன? என் அறைக்குள் ஒரு குழந்தை வரும்போதே நான் பார்க்கத் தொடங்கிவிடுவேன். அம்மா இடுப்பிலிருந்து எட்டி என் மேஜைமேல் இருக்கும் டார்ச் லைட்டைப் பிடுங்கப் பார்க்கிறானா, தோளில் துவண்டு கிடக்கிறானா? அழும்போது கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா? அப்புறம் நான் கேட்கும் முதல் கேள்வி மூத்திரத்தைப் பற்றித்தான். பத்துத் தடவை பேதியானாலும், ஆறு மணி நேரத்துக்குள் நன்றாகச் சிறுநீர் கழித்து, எழுந்து விளையாடும் பிள்ளையைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன். மூன்றே தடவை பேதியாகி, காலையிலிருந்து மூத்திரமே போகாமல் சோர்ந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்தால் என் கை வேகமாகும்.

சரி, கைக்குழந்தையிலிருந்து வருவோம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை மஞ்சளாக, நீர்த்து, கடுகு போட்டது மாதிரி திரித்திரியாக, பால் குடித்த உடனே பீச்சியடிப்பது பேதி இல்லை. வயிற்றில் பால் இறங்கியதும் பெருங்குடல் தன்னால் அசைந்து கொடுக்கும். எட்டுத் தடவையும் போகலாம், பன்னிரண்டு தடவையும் போகலாம். சில குழந்தைகள் ஒன்றரை, இரண்டு மாதம் ஆனதும் நேர்மாறாக ஐந்து நாள், ஏழு நாள் போகாமல் இருக்கும். மலம் இளக்கமாக இருந்து, வயிறு உப்பாமல், பால் நன்றாகக் குடித்தால் அதுவும் சரிதான். நடு நடுவே பச்சையாகப் போனாலும் கவலை இல்லை.

கக்குவதும் அப்படித்தான். உணவுக்குழாயின் அடிவாய் இந்த வயதில் இறுக மூடாது. நாலு மாதம் வரை கக்கல் கூடிக்கொண்டே போகும், பிறகு குறையும், நிமிர்ந்து உட்கார்ந்து நடக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் நின்றுவிடும். கக்கிவிட்டுச் சிரிக்கிற குழந்தைக்கு மருந்து தேவையில்லை. எடை ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. முதல் மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம், அதாவது மாதத்துக்கு 600 முதல் 900 கிராம் வரை ஏற வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் எடை போட்டு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போய், எடையும் ஏறினால், குடித்த பால் முழுவதும் வெளியே வந்துவிட்டது மாதிரி உங்களுக்குத் தோன்றினாலும் தேவையான பால் உள்ளேதான் இருக்கிறது.

சாயங்கால அழுகை பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் அடங்கும். தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் விட வையுங்கள், தூக்கிக்கொண்டு நடங்கள், விளக்கைக் குறையுங்கள். கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து, சுட்ட வசம்பு எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், தேன் என்றால் ஒரு வயது வரை வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சல் வந்த குழந்தைகளை நான் வார்டில் வாரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு வாயு சேரும் என்று மகளைப் பத்தியச் சோற்றோடு நிறுத்திவைத்திருந்தால் அதையும் விடுங்கள். பருப்பு, கீரை, முட்டை, பழம் எல்லாம் அவள் சாப்பிட வேண்டும். குழந்தை அழுகிற சாயங்காலத்தில் அவளுக்கு ஒரு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

ஆனால் இந்த வயதில் சில விஷயங்களுக்கு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி கரும்பச்சையாக, கீரைச்சாறு மாதிரி வந்தால் அந்த நிமிஷமே கிளம்புங்கள். பித்தம் என்று சொல்லி உட்கார்ந்திருக்காதீர்கள். குடல் முறுக்கிக்கொண்டால் அப்படி வரும், சில மணி நேரத்தில் குடலே கருகிப் போகும். பால் குடித்ததும் எட்டி விழுகிற மாதிரி பீய்ச்சி வாந்தியெடுத்து, உடனே மறுபடி பசித்து அழுகிற குழந்தைக்கு, முக்கியமாக மூன்று முதல் ஆறு வாரம் வரை, இரைப்பையின் வெளிவாய் தடித்து அடைத்திருக்கலாம். சின்ன அறுவை சிகிச்சையில் முழுக்கச் சரியாகும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று நிறம். மலம் சுண்ணாம்பு மாதிரி, கழுவிய களிமண் மாதிரி வெளுத்துப் போனால், அதுவும் இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்தால், பித்தக்குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர் கசாய் 1950களில் கண்டுபிடித்த அறுவை சிகிச்சை இதற்கு இருக்கிறது. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம், தள்ளிப்போகப் போக ஈரல் கெட்டுவிடும். உங்கள் கைக்குழந்தை மஞ்சளாகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லைப் படித்ததும் எனக்கு நிம்மதி.

அடுத்து பேரன். போன வாரம் அவனுக்கு வந்தது பெரும்பாலும் வைரஸ் பேதிதான். இரண்டு நாள் வாந்தி, கூடவே நீராகப் பேதி, லேசான காய்ச்சல், ஐந்தாறு நாளில் தானாக நிற்பது. பல் முளைப்பதால் பேதி வருவதில்லை. பல் முளைக்கும் வயதில்தான் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைப்பார்கள். இந்தப் பேதிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பேதியை நிறுத்தும் மாத்திரை சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து. மலம் வெளியே வராதே தவிர குடலுக்குள் தேங்கி வயிறு உப்பிவிடும்.

செய்ய வேண்டியது, போகிற தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பது. 1971-ல் வங்காளதேசப் போரின்போது எல்லை ஓரத்தில் பொங்காவ் என்ற ஊரின் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அப்போது அங்கே வேலை செய்த திலீப் மஹலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் கலக்கி, நோயாளியின் வீட்டார் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் இறப்பு நாலு பேருக்கும் கீழே வந்தது. குடலில் உப்பும் குளுக்கோஸும் ஒரே வாசலில் கைகோத்து உள்ளே நுழையும், அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். வாந்தி, பேதி இருக்கும்போதும் அந்த வாசல் திறந்தே இருக்கும். "குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பு வரும்" என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். குடிக்க முடிகிற பிள்ளைக்கு ஊசி வழி ஏற்றுவதால் கூடுதல் தெம்பு எதுவும் வராது.

அந்த உப்பு, குளுக்கோஸ் கலவைதான் இன்று பொட்டலமாகக் கிடைக்கும் ஓஆர்எஸ். அதைக் கலக்கும் முறையில்தான் வீடுகளில் தவறு நடக்கிறது. பெரிய ஓஆர்எஸ் பொட்டலம் 20.5 கிராம், அதை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்ட வேண்டும். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்று கண் அளவில் போட்டால் உப்பு கூடி, பேதி இன்னும் மோசமாகும். வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்குமே, அதில் காய்ச்சி ஆறிய தண்ணீரை நிரப்பி, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றிப் பொட்டலத்தை முழுக்கக் கொட்டிக் கலக்குங்கள். 24 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கானது, மேலேயே அச்சடித்திருக்கும். கூடவே சர்க்கரையோ பழச்சாறோ சேர்க்க வேண்டாம். கடையில் அட்டை டப்பாவில் இனிப்பாக விற்ற பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். அவற்றில் சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற எழுத்துகளே இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. பொட்டலமே வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. டம்ளரோடு வாயில் வைத்தால் மடமடவென்று குடித்து அப்படியே வாந்தியெடுப்பான். ஸ்பூனில், ஒரு நிமிஷத்துக்கு ஒன்று. வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். பாலும் சோறும் நிறுத்த வேண்டாம். இட்லி, தயிர் சோறு, பருப்புக் கரைத்த சோறு, வாழைப்பழம், அவன் கேட்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால்தான் இளைத்த உடம்பு தேறும். ஜிங்க் மாத்திரை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள், பேதி நின்றாலும் நிறுத்தாமல். ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் அதில் பாதி. இந்த மாத்திரையை மூன்றாம் நாளே தூக்கி வைத்துவிடுவார்கள். அடுத்த சில மாதங்களில் பேதி திரும்ப வராமல் காப்பதும் அதுதான்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், செய்து பாருங்கள். பேரனை மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவில் இருக்கும் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெடுக்காகப் பிடித்துத் தூக்கி விடுங்கள். நன்றாக இருக்கும் பிள்ளையின் தோல் விட்ட கணத்தில் படிந்துவிடும். நீர் குறைந்திருந்தால் ஒரு மடிப்பு நின்று, மெதுவாக இறங்கும். இரண்டு நொடிக்கு மேல் அந்த மடிப்பு நின்றால், கண் குழி விழுந்து, தண்ணீர் கொடுத்தாலும் குடிக்காமல் மயங்கிக் கிடந்தால், 108-க்கு அடியுங்கள். போகிற வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள், விழுங்குகிற நினைவு இருந்தால் மட்டும். கண் லேசாகக் குழிந்து, சிணுங்கிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்ததும் ஆவலாகப் பிடுங்கிக் குடிக்கிறான் என்றால் அது நடு நிலை. அப்போதும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போது மூன்று பேரும் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பிடித்துப் பார்த்துவையுங்கள். சரியான தோல் எப்படிப் படியும் என்று உங்கள் விரலுக்குத் தெரிந்துவிட்டால் பிறகு வித்தியாசம் தானாகத் தெரியும்.

மலத்தில் சளியும் ரத்தமுமாக, காய்ச்சலோடு போனால் அது சீதபேதி, அதற்கு மருந்து தேவைப்படும். பேதி 14 நாளைத் தாண்டினாலும் காட்ட வேண்டும்.

பேரன் வயதில், சரியாகச் சொன்னால் மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரை, பேதியைப் போல வேடம் போட்டு வரும் ஒன்று உண்டு. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சட்டைக் கை சுருண்டு உள்ளே போவதைப் போலச் செருகிக்கொள்ளும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டி எட்டு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "காலை வயித்தோட மடக்கிக்கிட்டு வீர்னு கத்துதுங்க, ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் நனைஞ்ச துணியாட்டம் கெடக்குது. கா மணி நேரம் கழிச்சு மறுக்கா அதே கத்தல்." அவ்வளவுதான் சொன்னார். எந்தப் பாடப் புத்தகமும் அதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. ஸ்கேனில் குடல் செருகியிருந்தது. மலத்தில் ரத்தம் வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டதால் ஆசனவாய் வழியாக நீர் செலுத்தியே பிரித்துவிட முடிந்தது, கத்தி வைக்கவில்லை. விட்டு விட்டு வரும் அலறல், நடுவில் துவண்டு போவது, நாவல்பழ ஜெல்லி மாதிரி ரத்தம் கலந்த சளி. இதில் முதல் இரண்டு இருந்தாலே மூன்றாவதுக்குக் காத்திருக்காதீர்கள்.

இப்போது பெரிய பேத்தி. அம்மா, கைக்குழந்தை எட்டுத் தடவை போவதை எண்ணியிருக்கிறீர்கள், பேரனுக்கு வாந்தி, பேதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வயதுப் பெண் எத்தனை நாளைக்கு ஒரு தடவை போகிறாள்? அது மட்டும் கடிதத்தில் இல்லை. உங்கள் வீட்டில் மட்டுமல்ல, எந்த வீட்டிலும் இந்த வயதில் யாரும் கேட்பதில்லை. தானாகப் போய்க் கழுவிக்கொள்ளப் பழகியதும் அது அவள் சொந்த விஷயமாகிவிடுகிறது.

மெதுவாக, தனியாக இருக்கும்போது கேளுங்கள். கல்லு மாதிரி போகிறதா, வலிக்கிறதா, உள்ளாடையில் கறை படுகிறதா? பள்ளிக்கூடக் கழிவறைக்குப் போகிறாளா? கதவுத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, நாற்றம் என்று காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீரும் குடிக்காமல் வருகிற பெண் பிள்ளைகளை நான் வாரா வாரம் பார்க்கிறேன். அடக்க அடக்க மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்குவார்கள். காலையில் சாப்பிட்டதும் குடல் அசையும், அடைத்துக் கிடக்கும் இடத்தில் முட்டும், தொப்புளைச் சுற்றி வலிக்கும். அதே நேரத்தில்தான் பள்ளிக்கூட வேனும் வந்து நிற்கும். பார்க்கிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்பார்கள். அவள் நடிக்கவில்லை, வலி நிஜம்.

ஸ்கேனில் சொன்ன நெறி பற்றி. இந்த வயதுப் பிள்ளைகளின் குடலைச் சுற்றிச் சின்னச் சின்ன நிணநீர்க் கட்டிகள் தெரிவது சகஜம், வலியே இல்லாத பிள்ளைக்கும் தெரியும். ஒரு சளிக்காய்ச்சல் வந்து போனாலே கொஞ்சம் பெருக்கும். எடை குறையவில்லை, மாலைக் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றால் அந்த ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காசநோய் மருந்து தொடங்கக் கூடாது. யாராவது சொன்னால் வேறொரு குழந்தை மருத்துவரிடமும் கேளுங்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 1958-ல் எழுதினார்: பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்று வலி வருகிறது. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் உள்ளே நோய் இருந்தது. வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு நோய் தேட வேண்டும் என்ற அவருடைய கணக்கை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். உங்கள் பேத்தியிடம் ஒரே விரலால் வலிக்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையை விரித்துத் தொப்புளைச் சுற்றித் தடவினால் பயம் குறைவு. வலது அடிவயிற்றையோ விலாவுக்குக் கீழேயோ விரலால் குத்திக் காட்டினால் மருத்துவரிடம் போங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, உயரம் ஏறாமல் நிற்பது, மலத்தில் ரத்தம், தொடர்ந்த வாந்தி, வாய்ப்புண், மூட்டு வீக்கம், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இவற்றில் எது இருந்தாலும் போக வேண்டும். கண்ணும் மூத்திரமும் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டினால் மஞ்சள் காமாலை. பள்ளி வயதில் தண்ணீர் வழியாக வருவதுதான் அதிகம்.

மலச்சிக்கல்தான் என்று தெரிந்தால், மருத்துவர் எழுதும் மலமிளக்கியை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். பழகிவிடும் என்று பயந்து ஒரு வாரத்தில் நிறுத்தினால் மறுபடி அதே கதைதான். நாள்கணக்கில் இழுபட்ட குடல் பழைய அளவுக்குச் சுருங்க அவ்வளவு நாள் ஆகும். காலையில் சாப்பிட்டதும் ஐந்து பத்து நிமிஷம் அவசரப்படுத்தாமல் உட்கார வையுங்கள். வேன் வரும் நேரத்தை வைத்து அவளை அரை மணி முன்னதாக எழுப்ப வேண்டியிருக்கும். கொய்யா, பப்பாளி, கீரை, முழுப் பயறு, நிறையத் தண்ணீர். பால் அரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். வகுப்பு ஆசிரியையிடம் நேரில் பேசி, கேட்டவுடன் கழிவறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவளோடு உட்காரும் தோழி யார், வேனில் யாராவது சீண்டுகிறார்களா என்பதும் வயிற்று வலியில் சேர்த்திதான். அதையும் விசாரியுங்கள். இரவில் ஆசனவாயில் அரிப்பு என்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம், அப்போது வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்த்து மருந்து வேண்டும், எந்த வயதுக்கு எது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

தொப்புளில் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி, காய்ச்சலும் வாந்தியுமாக, நிமிர்ந்து நடக்க முடியாமல் குனிந்து நடந்தால் அது குடல்வால் அழற்சி. ஒரு தடவை குதிக்கச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் போதும், கிளம்புங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு இடம் சொல்லத் தெரியாது, கண்டுபிடிப்பதற்குள் குடல்வால் வெடித்துவிடுவதும் உண்டு.

இன்னொன்று, உங்கள் பேரன் வளர்ந்த பிறகு உதவும். நான் மேல்படிப்பு படித்த காலத்தில் ஒரு இரவு பதின்மூன்று வயதுப் பையன் அடிவயிற்று வலி, வாந்தி என்று வந்தான். பெண் டாக்டர் முன்னால் அவனுக்கு வெட்கம், எனக்கும் கேட்கத் தயக்கம். டிரவுசரை இறக்கிப் பார்க்காமல் வயிற்றை மட்டும் அழுத்திப் பார்த்து, ஊசி போட்டுப் படுக்க வைத்தேன். காலையில் பெரிய டாக்டர் வந்து பார்த்தபோது ஒரு பக்க விதை முறுக்கிக் கருத்திருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அது என் தவறு. அதற்குப் பிறகு வயிற்று வலியோடு வரும் எந்தப் பையனையும் நான் அப்படி அனுப்பியதில்லை. பையன்களிடம் வீட்டிலேயே சொல்லிவையுங்கள், அங்கே வலித்தால் வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும். அதேபோல, எந்த வயதிலும் வயிற்று வலி, வாந்தியோடு ஓயாத தாகம், அடிக்கடி மூத்திரம், மெலிவு, மூச்சு வாங்குதல் என்றால் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் சர்க்கரை நோய் முதலில் வயிற்று நோயைப் போலத்தான் வந்து நிற்கும்.

தொக்கம் பற்றிக் கேட்டீர்கள். சாப்பிட்டது சில மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். ஒரு வாரத்துக்கு முன் தின்ற பாக்குத் துண்டு தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கிக்கொண்டு பேதியை உண்டாக்காது. மூன்றாம் நாள் தொக்கம் எடுக்கப் போகிறோம், நாலாம் நாள் பேதி நிற்கிறது. போகாமல் இருந்திருந்தாலும் நின்றிருக்கும். நம்பிக்கையோடு போகிறவர்களை நான் திட்டுவதில்லை. ஆனால் செருகிய குடலையோ பழுத்த குடல்வாலையோ அழுத்தித் தடவினால் வெடித்துவிடும். குடல் தட்டுவதும் இதே ஆபத்துதான். விரல் விட்டுத் தொண்டை கிழிந்து வந்த குழந்தையையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம் அம்மா.

இனி ஆஸ்பத்திரிக்குப் போனால் வயது, எடை, எப்போது தொடங்கியது, எத்தனை தடவை, வாந்தியின் நிறம், கடைசியாக மூத்திரம் போன நேரம், வீட்டில் கொடுத்த மருந்து, இவற்றைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த சிரப் பாட்டிலையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள், திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். மலத்தின் நிறம் சந்தேகமாக இருந்தால் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள், எங்களுக்கு அது அசிங்கம் இல்லை.

கைக்குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆறாவது வாரம் ரோட்டா வைரஸ் மருந்து வாயில் கொடுத்திருப்பார்கள். பேரனை படுத்தியதைப் போன்ற பேதி கடுமையாகாமல் தடுப்பதற்கு அதுதான் காப்பு, 2017 முதல் தமிழ்நாட்டில் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. அடுத்த தவணை பத்தாவது வாரம், அதாவது வருகிற வாரம். லேசான சளியோ கக்கலோ இருந்தாலும் தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய பேத்தி எத்தனை நாளைக்கு ஒரு தடவை போகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.